யாகுல்ட்: குழந்தைக்கு அன்றாடம் கொடுக்க ஏற்ற பானமா?

பல்பொருள் அங்காடிகளின் குளிர்பெட்டியில், தயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில், 65 மில்லி கொண்ட சிறு குப்பிகள் ஐந்தைந்தாகக் கட்டப்பட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. யாகுல்ட் என்னும் இந்தப் புளித்த பால் பானத்தைப் பெரியவர்களும் குடிக்கிறார்கள் என்றாலும், வாங்கிச் செல்பவர்களில் பலர் சிறு குழந்தைகளின் பெற்றோர். குழந்தைக்கு அடிக்கடி வயிறு கெடுகிறது, மலம் இறுகுகிறது, காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்ததிலிருந்து பசியில்லை என்று ஏதோ ஒரு கவலை அவர்களை அந்தக் குளிர்பெட்டி வரை கொண்டுவருகிறது. அந்தக் கவலைகளுக்கு இந்தக் குப்பி எந்த அளவுக்குப் பதில் சொல்கிறது என்பதைத்தான் இந்த மதிப்புரையில் பார்க்க விரும்புகிறேன். குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை மட்டும் பார்த்தால் கணக்கு ஒரு மாதிரியாகவும், வாயில் வாழும் நுண்ணுயிர்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரியாகவும் வருகிறது. விளம்பரங்கள் குடலைப் பற்றி மட்டுமே பேசுவதால், வாயைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ஜப்பானில் கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் மினோரு ஷிரோட்டா, இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி உயிரோடு குடலைச் சென்றடையக்கூடிய, லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகையை 1930-ஆம் ஆண்டு பிரித்தெடுத்து வளர்த்தார். 1935-இல் அது பானமாக விற்பனைக்கு வந்தது. தொற்று நோய்களால் குழந்தைகள் பெருமளவில் இறந்துகொண்டிருந்த காலத்தில், நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட வராமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பானம் இது. இந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். இந்தியாவில் ஹரியானா மாநிலத்தின் சோனிபட்டில் உள்ள ஆலையில் இது தயாராகிறது. ஒரு குப்பியில் ஷிரோட்டா வகை பாக்டீரியாக்கள் 650 கோடிக்கு மேல் இருப்பதாக நிறுவனம் அறிவிக்கிறது. கொழுப்பு நீக்கிய பால்பொடி, தண்ணீர், சர்க்கரை, குளுக்கோஸ், நறுமணப் பொருள் ஆகியவை மற்ற உட்பொருட்கள்.

சுவை இனிப்பும் புளிப்புமாக, மோரைவிட மென்மையாக, பழச்சாற்றைவிடக் கெட்டியாக இருக்கிறது. குழந்தைகளுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஒன்று குடித்ததும் இன்னொன்று கேட்பார்கள். குப்பி சிறியதாக இருப்பதும், அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பதும் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். பத்து டிகிரிக்கும் குறைவான குளிரில் வைக்க வேண்டிய பொருள் என்பதால், கடையில் வாங்கும்போது குப்பி உண்மையிலேயே சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. வெயிற்காலத்தில் வண்டியின் பெட்டிக்குள் நெடுநேரம் கிடந்த குப்பியில் அந்த 650 கோடியும் உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உயிருள்ள பாக்டீரியாவுக்காகவே விலை கொடுக்கிறோம் என்பதால் இது சிறிய விஷயமன்று.

650 கோடி என்பது கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் வளர்ந்த ஒருவரின் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. அந்த அளவோடு ஒப்பிட்டால், ஒரு குப்பியில் வருவது ஆறாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். குழந்தையின் உடலில் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம் என்றாலும், விகிதம் தலைகீழாக மாறிவிடாது. தவிரவும், வெளியிலிருந்து வரும் இந்த பாக்டீரியா குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை. தொடர்ந்து குடித்துவரும் நாட்களில் மலத்தில் உயிரோடு வெளிவருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிறுத்தியதும் விரைவிலேயே மறைந்துவிடுகிறது. கடந்துசெல்லும் வழியில் அது பயன் எதுவும் தருவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. குடல் சுவரின் நோய் எதிர்ப்பு அணுக்களோடு அது உறவாடலாம்; அமிலத்தை உண்டாக்கித் தீய கிருமிகளுக்கு இடையூறு செய்யலாம். அது தங்கிப் பெருகிக் குழந்தையின் குடலையே மாற்றியமைத்துவிடும் என்று நம்பி வாங்குவதுதான் தவறு.

பயன் இருக்கிறதா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. கொல்கத்தாவின் நெரிசல் மிகுந்த குடிசைப் பகுதி ஒன்றில், ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 3,758 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஷிரோட்டா பாக்டீரியா உள்ள பானத்தையும், மற்றொரு குழுவுக்கு அந்த பாக்டீரியா இல்லாத சத்துப் பானத்தையும் 12 வாரம் நாள்தோறும் கொடுத்தார்கள். அதற்குப் பின் மேலும் 12 வாரம் கண்காணித்தார்கள். முடிவுகள் 2011-இல் வெளியாயின. பாக்டீரியா பானம் குடித்தவர்களில் 608 குழந்தைகளுக்கும், மற்ற குழுவில் 674 குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. பாதுகாப்பின் அளவு 14 விழுக்காடு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். புள்ளியியல் நோக்கில் அது 4 முதல் 23 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். இதை வீட்டுக் கணக்காக மாற்றினால், அத்தகைய சூழலில் வாழும் 100 குழந்தைகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது மூன்று அல்லது நான்கு குழந்தைகள் அந்த ஆறு மாத காலத்தில் வயிற்றுப்போக்கிலிருந்து தப்பினார்கள். இந்த முடிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வயிற்றுப்போக்கு உயிரைப் பறிக்கும் இடங்களில் நான்கு குழந்தைகள் தப்புவது பெரிய செய்தி. ஆனால் அந்தக் குழந்தைகள் வாழ்ந்த சூழல் வேறு. குழாய் நீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ குடிக்கும், சோப்பு போட்டுக் கை கழுவும், ரோட்டா வைரஸ் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தைக்கு அதே அளவு பயன் கிடைக்கும் என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல இயலாது. பணம் கொடுத்து இந்தப் பானத்தை வாங்கக்கூடிய குடும்பங்களின் குழந்தைகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்ட பிறகு இதை மருந்தாக நினைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் கண்டிப்பாக மறுப்பேன். நீர்ச்சத்தை ஈடுசெய்வது ஓ.ஆர்.எஸ் கரைசல்தான். அதோடு துத்தநாகமும் 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக்கூடாது. சர்க்கரை மிகுந்த பானங்கள் இந்த நேரத்தில் குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டவும் கூடும். வேறொரு வகை பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த 971 அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது வெற்றுப்பொடிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கனடாவில் 886 குழந்தைகளிடம் இரண்டு வகைகளைக் கலந்து கொடுத்த சோதனையிலும் அதே முடிவுதான் வந்தது. இரண்டும் 2018-இல் ஒரே மருத்துவ இதழில் வெளியாயின.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது வரும் வயிற்றுப்போக்கு வேறு கதை. 33 சோதனைகளில் பங்கேற்ற 6,352 குழந்தைகளின் தரவுகளைத் திரட்டி மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், புரோபயாட்டிக் (நன்மை கருதிக் கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்) பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் அத்தகைய வயிற்றுப்போக்கு வந்திருந்தது. ஆனால் அங்கே வலுவாக நிற்பவை ரம்னோசஸ் ஜிஜி, ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்த சாக்கரோமைசிஸ் பௌலார்டி ஆகிய வகைகள். ஒரு வகைக்குக் கிடைத்த சான்றை மற்றொரு வகைக்கு எழுதிக்கொள்ள முடியாது. எனவே இந்தத் தேவைக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் குறிப்பிட்ட வகையைக் கொடுப்பதே முறை. மலச்சிக்கலுக்காக வாங்குபவர்களுக்குச் சொல்ல இன்னும் குறைவாகவே இருக்கிறது: குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு புரோபயாட்டிக் பயன்படும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர் சங்கங்களின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

வகை என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒடிசாவில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று இல்லை. 2017-இல் வெளியான அந்த ஆய்வில், கிராமப்புறங்களில் பிறந்த 4,556 பச்சிளங்குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, முதல் வாரத்தில் ஏழு நாட்கள் மட்டும், ஒரு குழுவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகையோடு அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்து, மற்றொரு குழுவுக்கு வெற்றுப்பொடியைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். முதல் 60 நாட்களில் இரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்த குழந்தைகள் வெற்றுப்பொடி பெற்ற குழுவில் 9 விழுக்காடும், பாக்டீரியா பெற்ற குழுவில் 5.4 விழுக்காடும் இருந்தனர். மலிவான ஒரு பொருள் பிறந்த முதல் வாரத்தில் இவ்வளவு செய்ய முடியும் என்றால், நுண்ணுயிர் ஆய்வில் நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. அதே சமயம், குறைமாதக் குழந்தை ஒன்று புரோபயாட்டிக் பொருளில் இருந்த பாக்டீரியாவாலேயே தொற்று ஏற்பட்டு இறந்ததை அடுத்து, 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. உயிருள்ள கிருமியைக் கொடுப்பது எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் தீங்கற்றது என்ற எண்ணம் சரியன்று. குறைமாதத்தில் பிறந்து சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர்கள், மைய இரத்தக்குழாயில் குழல் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

இனி வாய்க்கு வருகிறேன். ஒரு குப்பியில் உள்ள சர்க்கரை 10 கிராமை ஒட்டியது, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் சற்று மேல். 65 மில்லிக்கு இது அதிகம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கிலோகலோரி தேவைப்படும் மூன்று வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 5 விழுக்காடு என்பது அந்தக் குழந்தைக்கு 15 கிராம். ஒரே குப்பியில் அதில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது; பாலில் போடும் சர்க்கரை, பிஸ்கட், பொங்கலில் சேரும் வெல்லம் எல்லாம் அதற்கு மேல்தான் வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பானமே கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சர்க்கரை பல்லில் என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாலான பெற்றோர் பொதுவாக அறிந்திருந்தாலும், அது நுண்ணுயிர்களின் வழியாகவே நடக்கிறது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பல் முளைத்ததும் அதன் மேல் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அவற்றில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், பெரும்பாலும் தாயின் அல்லது வளர்ப்பவரின் உமிழ்நீர் வழியாகவே குழந்தைக்கு வருகிறது. நாம் வீட்டில் பயன்படுத்தும் சாதாரணச் சர்க்கரையைக் கொண்டு அது இரண்டு வேலைகளைச் செய்கிறது: பசை போன்ற ஒரு பொருளை உண்டாக்கித் தன்னைப் பல்லோடு ஒட்டவைத்துக்கொள்கிறது, கூடவே அமிலத்தையும் வெளியிடுகிறது. அமில அளவைக் காட்டும் பி.எச் எண் 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே இந்த இறக்கம் நிகழ்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அமிலம் தொடர்ந்து நிலவும் வாயில் அமிலத்தைத் தாங்கும் கிருமிகளே பெருகுகின்றன; தாங்க முடியாத, தீங்கற்ற வகைகள் பின்வாங்குகின்றன. ஆகவே பற்சொத்தையை வெளியிலிருந்து வந்த கிருமியின் நோய் என்று சொல்வதைவிட, உணவு வாயின் நுண்ணுயிர்ச் சமூகத்தைச் சாய்த்துவிட்டதன் விளைவு என்று சொல்வது பொருத்தம்.

இந்தப் பானம் இயல்பிலேயே புளிப்பானது. புளித்த பால் பானங்களின் பி.எச் எண் பொதுவாக 4-ஐ ஒட்டியே இருக்கும். பாலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு பல்லைக் காக்கும் என்பதால் குளிர்பானங்களோடு இதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒன்றைச் சிறு உறிஞ்சுகுழல் போட்டு, தொலைக்காட்சி பார்த்தபடி இருபது நிமிடம் சப்பிச் சப்பிக் குடிக்கும் குழந்தையின் முன்பற்கள் அந்த நேரம் முழுவதும் அமிலத்தில் நனைந்திருக்கும். ஒரே மூச்சில் குடித்துவிடும் குழந்தைக்கு அந்த ஆபத்து குறைவு. படுக்கப்போகும் முன் கொடுப்பது எல்லாவற்றிலும் கேடானது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், வாயில் தங்கிய சர்க்கரையைக் கழுவ எதுவும் இருப்பதில்லை. இரவில் செரிமானத்துக்கு நல்லது என்று பலர் இதை அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. லாக்டோபேசில்லஸ் குடும்பத்தின் பல வகைகள், ஏற்கெனவே குழி விழுந்த பல்லின் ஆழத்தில் செழித்து வளர்பவை என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். சொத்தைப் பல் உள்ள குழந்தைக்கு முதலில் தேவை பல் மருத்துவர்.

வாயும் குடலும் தனித்தனி உலகங்கள் அல்ல. விழுங்கும் ஒவ்வொரு மிடறு உமிழ்நீரோடும் வாயின் பாக்டீரியாக்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. நலமான உடலில் இரைப்பை அமிலமும் பித்தமும் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகின்றன. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரிலும் மடகாஸ்கரின் அன்டனானரிவோவிலும் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுகுடலில் வாய்க்கும் தொண்டைக்கும் உரிய பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். டாக்காவின் குடிசைப் பகுதிக் குழந்தைகளின் முன்சிறுகுடலிலும் பொதுவாக வாயில் வாழும் சில வகைகள் மிகுந்திருந்ததையும், அவை மிகுந்த அளவுக்கு வளர்ச்சி குன்றியிருந்ததையும் 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. வாய்க் கிருமிகள் இடம் மாறியதால் வளர்ச்சி குன்றியதா, வளர்ச்சியைக் குன்றவைத்த அழற்சிதான் அவற்றுக்கு வழிவிட்டதா என்பதை இந்த ஆய்வுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. என்றாலும், குடலுக்கு நல்லது செய்ய வாயைப் பாழாக்கும் ஒன்றைக் கொடுப்பது கணக்கில் பொருந்தாத செயல் என்று நினைக்க இவை போதும்.

அப்படியானால் குடலுக்கு எது நல்லது செய்கிறது? புதிய பாக்டீரியாவை உள்ளே அனுப்புவதைவிட, ஏற்கெனவே அங்கே குடியிருப்பவற்றுக்கு உணவளிப்பதுதான் முதன்மையானது என்று நான் கருதுவதற்கு வங்கதேசத்தில் நடந்த ஒரு சோதனை முக்கியக் காரணம். டாக்காவின் மீர்ப்பூரில், மிதமான ஊட்டக்குறைவு உள்ள 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை மாவு, சோயா மாவு, வாழைக்காய் ஆகியவற்றோடு எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துக்கள் சேர்த்துத் தயாரித்த உணவு மூன்று மாதம் கொடுக்கப்பட்டது. தஹ்மீத் அகமதும் ஜெஃப்ரி கோர்டனும் தலைமையேற்ற அந்த ஆய்வில், மற்றொரு குழுவுக்கு அரிசி, பருப்பு, பால்பொடி கொண்ட வழக்கமான துணை உணவு தரப்பட்டது. வழக்கமான உணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் புதிய உணவே எடையை விரைவாகக் கூட்டியது. வளர்ச்சியோடு தொடர்புள்ள குடல் பாக்டீரியாக்கள் அதிகரித்தன; எலும்பு வளர்ச்சிக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் துணைபுரியும் புரதங்கள் இரத்தத்தில் உயர்ந்தன. முழுமையாகப் பங்கேற்றவர்கள் 118 குழந்தைகளே என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உயிருள்ள பாக்டீரியா எதுவும் இல்லை என்பதும், இருப்பவை நம் மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைப்பவை என்பதும் கவனிக்கத்தக்கவை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ஏத்தங்காயைச் சீவிக் காயவைத்துப் பொடித்துக் கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது.

வாழைக்காயில் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவரின் அணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். இந்த அறிவை மருத்துவமாக மாற்றியதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தனி இடம் உண்டு. செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் காலரா நோயாளிகளின் நீரிழப்பு குறைகிறது என்று பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டு காட்டினார்கள். கொழுப்பமிலங்கள் பெருங்குடலில் உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுவதுதான் அதன் அடிப்படை. சில ஆண்டுகளுக்குப் பின் சிறு குழந்தைகளிடமும் அதே முறை வேலூரில் சோதிக்கப்பட்டது. குடல் பாக்டீரியாவுக்கு எதை உண்ணக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நோயாளியின் நீரிழப்பே மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வீட்டுத் தயிரோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. யோகர்ட் என்று விற்கப்படும் பொருளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு உணவுத் தரம்; அந்தக் கணக்கில் 100 கிராமில் குறைந்தது 100 கோடி. எண்ணிக்கையில் வீட்டுத் தயிரும் பெரிதும் பின்தங்கிவிடாது. ஆனால் நியாயமாகச் சொன்னால், நம் வீட்டு உறையில் என்னென்ன வகைகள் இருக்கின்றன என்பது வீட்டுக்கு வீடு மாறும். 3,758 குழந்தைகளிடம் எந்த வீட்டுத் தயிரும் சோதிக்கப்படவில்லை. அந்த ஒரு வகையில் யாகுல்ட்டுக்கு முன்னுரிமை உண்டு. தயிருக்கு இருக்கும் சிறப்புகள் வேறு: புரதமும் கால்சியமும் கணிசமாக உண்டு, சேர்த்த சர்க்கரை இல்லை, சாதத்தோடு உண்ணப்படுவதால் பல்லில் நெடுநேரம் தங்குவதில்லை, விலையும் குறைவு. இட்லியைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியாக்கள் ஆவியில் வேகும்போது இறந்துவிடுகின்றன. ஆகவே இட்லி உயிருள்ள பாக்டீரியா உணவு அன்று. புளித்தல் பி வகை வைட்டமின்களைக் கூட்டி, தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிவைத்திருக்கும் பைட்டேட்டைக் குறைப்பதால் அது வேறு வழியில் நல்லது. பழைய சோற்றில் உயிருள்ள பாக்டீரியாக்களும், ஆறியதால் செரிமானத்துக்குச் சற்றுக் கடினமான மாவுச்சத்தும் இருக்கின்றன; ஊற்றும் நீரும் பாத்திரமும் சுத்தமாக இருப்பது மட்டும் குழந்தைகளைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை.

முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலுக்கு நிகராக எந்தக் குப்பியும் இல்லை. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை இருக்கும் சிறப்புச் சர்க்கரைச் சங்கிலிகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை பைஃபிடோபாக்டீரியம் போன்ற குடல் பாக்டீரியாக்களுக்காகவே சுரப்பவை. ஏறத்தாழ மூன்று வயதுக்குள் குழந்தையின் குடல் நுண்ணுயிர்த் தொகுதி பெரியவர்களுடையதை ஒத்ததாக மாறிவிடுகிறது. இந்த மூன்று ஆண்டுகளில் கொடுக்கும் பயறு, கீரை, காய், பழம், தானியம், முட்டை ஆகியவற்றின் பலவகைமையே அதை வடிவமைக்கிறது.

என் மதிப்பீடு இதுதான்: யாகுல்ட் ஏமாற்றுப் பொருள் அன்று. தரம் சீரானது, பாக்டீரியாவின் பெயரும் எண்ணிக்கையும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன, அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது; சந்தையில் ‘புரோபயாட்டிக்’ என்று மட்டும் அச்சிட்டு எந்த வகை என்று சொல்லாத பல பொருட்களைவிட இது நேர்மையானது. ஆனால் சர்க்கரையின் அளவு காரணமாக, சிறு குழந்தைக்கான அன்றாட உணவாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைக்கு எப்போதாவது கொடுப்பதென்றால் மூன்றரை. கொடுப்பவர்கள் மதிய உணவோடு சேர்த்து, உறிஞ்சுகுழல் இல்லாமல், ஒரே தடவையில் குடிக்கச் செய்து, உடனே தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை குறைத்த ‘லைட்’ வகை கிடைத்தால் அதையே எடுங்கள். எதுவானாலும் பின்பக்கச் சத்து அட்டவணையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இரவில் பல் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். பல் முளைத்த நாளிலிருந்து ஃபுளோரைடு உள்ள பற்பசையை மூன்று வயது வரை அரிசி அளவும், அதற்குப் பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பயன்படுத்தி, பெரியவர்களே துலக்கிவிட வேண்டும்.

நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள். 650 கோடி என்ற எண்ணுக்குத் தரும் முதன்மையை, ஒரு குப்பியில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற எண்ணுக்கும் தந்து, அதே அளவு எழுத்தில் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். குழந்தைகளுக்கென இனிப்பே சேர்க்காத, தயிரோடு கலந்து கொடுக்கக்கூடிய ஒரு வடிவத்தில் இதே பாக்டீரியாவைக் கொண்டுவந்தால், முதல் ஆளாக வாங்கி மதிப்புரை எழுத நான் காத்திருக்கிறேன்.